அறுபதைக் கட்டியாளும் மூன்று வரிகள்

1856இல் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் டப்ளினில் மூன்று விதிகளை எழுதினார். 'அ' என்ற செயலை இருமுறை செய்தால் பழைய நிலை வரவேண்டும். 'ஆ'வை மும்முறை செய்தாலும் அப்படியே. அ, ஆ இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து, அந்த ஜோடியை ஐந்துமுறை திரும்பச் செய்தாலும் பழைய நிலைதான்.

கையால் செய்து பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். வெவ்வேறான ஐந்து டம்ளர்களை வரிசையாக வையுங்கள். 'அ' என்றால் முதல் இரண்டை இடம் மாற்றுவது, மூன்றையும் நான்கையும் இடம் மாற்றுவது. 'ஆ' என்றால் முதல் இடத்து டம்ளர் மூன்றாம் இடத்துக்கு, மூன்றாவது ஐந்துக்கு, ஐந்தாவது முதலிடத்துக்கு. இரண்டையும் முடித்துவிட்டுப் பாருங்கள்: எல்லா டம்ளரும் ஓரிடம் நகர்ந்திருக்கும், கடைசி டம்ளர் முன்னால் வந்திருக்கும். ஐந்தாம் சுற்றில் எல்லாம் வீடு திரும்பிவிடும். இந்த இரண்டு செயல்களை எப்படிக் கோத்தாலும் கிடைக்கும் வரிசைகள் 60, ஒன்று கூடாது, குறையாது. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட திண்மத்தைச் சுழற்றித் தன்மேலேயே பொருத்தும் வழிகளும் அதே 60.

மூன்றாம் விதியின் ஐந்தை நான்காக்கினால் கிடைப்பது 24. ஆறாக்கினால் முடிவே கிடையாது! ஓர் எண்ணின் இந்தத் தாவல் எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

ஹாமில்டன் இதிலிருந்து ஒரு பலகை விளையாட்டே செய்து 1859இல் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 25 பவுண்டுக்கு விற்றார். விளையாட்டு ஓடவில்லை, விதிகள் ஓடின. 1882இல் ஜெர்மானியர் வால்தர் ஃபான் டிக், இப்படிக் கோத்துக் கிடைக்கும் செயல்களின் தொகுப்பான எந்தக் குலத்தையும் சில அடிப்படைச் செயல்களாலும் விதிகளாலும் சொல்லலாம் என்று பொதுவாக்கினார். 1936இல் கணிதவியலாளர்கள் டாடும் காக்ஸெட்டரும், விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு அட்டவணை நிரப்பியே ஒரு குலத்தின் உறுப்புகளை எண்ணும் வழி கண்டார்கள். 1950களில் அது கணினியில் ஏறியது.

இதற்கிடையே ஒரு பெரிய கேள்வி வளர்ந்திருந்தது. எத்தனை விதிகள் போதும்? நூறு பொருள்களின் எல்லா இடமாற்றங்களையும் விவரிக்க, 1897இல் சிகாகோவின் கணிதவியலாளர் மூர் தந்த முறைப்படி 99 அடிப்படைச் செயல்களும் 4,950 விதிகளும் வேண்டும். குரால்னிக், கேன்டர், கசபோவ், லுபோட்ஸ்கி ஆகிய நால்வர் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் அது 3 அடிப்படைச் செயல்கள், 7 விதிகளாகச் சுருங்கியது. நூறு ஆயிரமானாலும் அதே ஏழுதான். முடிவுள்ள எளிய குலங்களுக்கும், அதாவது சிறியவையாக உடைக்க முடியாத குலங்களுக்கும், எவ்வளவு பெரியவையானாலும் மாறாத ஓர் எல்லைக்குள் அடங்கும் அடிப்படைச் செயல்களும் விதிகளும் போதும் என்று அவர்கள் 2008இலேயே காட்டியிருந்தார்கள். ரீ என்பவர் பெயரால் வழங்கும் ஒரு குடும்பம் மட்டும் அவர்கள் முறைக்குள் அடங்காமல் வெளியே நின்றது.