ஈப்போவிலிருந்து ஒரு குரல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது ஈப்போ. 1957-இல் அந்த ஊரின் இடைத்தேர்தலில் வென்ற வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம், அதன் பிறகு ஆளுங்கட்சியை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர், இருவரின் கட்சி மக்கள் முற்போக்குக் கட்சி. 1964 தேர்தலில் கட்சிக்கு மிஞ்சியவை இரண்டே நாடாளுமன்ற இடங்கள்.

ஆனால் கேள்வி கேட்க இரண்டு பேர் போதாதா?

அதற்கு முன்பே, கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப்பின் பெயரில் வந்த 1960 அறிக்கையும், அதையொட்டிய 1961 கல்விச் சட்டமும் சீன, தமிழ்ப் பள்ளிகளின் எதிர்காலம் பற்றிய அச்சத்தைக் கிளப்பின. கட்சி அவற்றை எதிர்த்தது. பின்னர் சீனிவாசகம் அதே அமைச்சர்மீது அவையிலேயே ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். அவைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்பது உறுப்பினரின் சிறப்புரிமை. வெளியே சொல்லிப் பாருங்கள் என்றார்கள். அவர் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார், தோற்றார். 1965-இல் பதவி விலகினார்.

வழக்கறிஞருக்கே உரிய துணிச்சல்தான் இது: ஆதாரம் கையில் இல்லாமல் சிறப்புரிமையை யாரும் அவ்வளவு எளிதில் விட்டுவிடமாட்டார்கள். 1969 மார்ச்சில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, அவர் காலமானார். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.