தட்டில் முடிந்த உலக சாதனை

மீன் பிடித்தவன் கையை அகல விரித்து "இத்தனை பெரிசு" என்று காட்டினால், அதில் பாதியைக் கழித்துக்கொள் என்பார் என் அப்பா. தராசில் நிறுத்தி எழுதி வைத்ததால் கழிக்கவே இடமில்லாத ஒரு மீனைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். அந்த மீன் எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. பிடித்தவர் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். நாள் 1932 ஜூன் 2. பொருளாதார வீழ்ச்சி ஊர் ஊராக மக்களைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்த காலம். ஜார்ஜ் பெர்ரி என்பவருக்கு அப்போது ஏறக்குறைய இருபது வயது. தகப்பனார் காலமாகிவிட்டார். தாயையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றும் பாரம் அவர் தலையில் விழுந்திருந்தது. விவசாயக் குடும்பம். அன்று மழை பெய்து நிலம் சேறாகிவிட்டதால் உழ முடியவில்லை. வேலை இல்லாவிட்டாலும் வீட்டுக்குச் சாப்பாடு வேண்டுமே! நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாண்ட்காமரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். பெயர்தான் ஏரி. ஓக்மல்கி ஆறு தன் பழைய தடத்தை விட்டு விலகிப் போனபோது, அந்த வளைவில் தங்கிவிட்ட தண்ணீர் அது.

அவர்கள் குறிவைத்தது 'பெருவாய் பாஸ்' என்னும் நன்னீர் மீன். பெயருக்கு ஏற்றபடி வாய் பெரியது. மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். இது இரையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் ஓடும் ஜாதி இல்லை. மூழ்கிக் கிடக்கும் மரத்தடியிலோ நீர்ச்செடி மறைவிலோ அசையாமல் காத்திருக்கும். சின்ன மீனோ தவளையோ பக்கத்தில் வந்தால் சட்டென்று வாயைத் திறக்கும். திறந்த வேகத்தில் தண்ணீரோடு இரையும் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். நம் விராலைப் போலவே இதிலும் குஞ்சுகளுக்குக் காவல் உண்டு. ஆண் மீன்தான் அடித்தரையில் குழி பறித்துக் கூடு அமைத்து, முட்டையையும் குஞ்சையும் காக்கும். உடம்பு பெருப்பது என்னவோ பெண் மீன்தான்.

இந்த மீனை ஏமாற்ற அந்தக் காலத்தில் மரத்தில் மீன் செய்து விற்றார்கள். பெர்ரியிடம் இருந்தது கிரீக் சப் என்ற கம்பெனியின் மர மீன். இந்த வகைப் பொய் இரைகளின் மூக்கில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். நூலைச் சுற்றி இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி, மர மீன் தலையைக் கவிழ்த்து நீருக்குள் இறங்கும். உடம்பையும் இப்படியும் அப்படியும் ஆட்டும். பதுங்கியிருக்கும் பாஸுக்கு அது அடிபட்டுத் தடுமாறும் குஞ்சு மீனாகத் தெரியும். அன்று நண்பர்கள் இருவருக்கும் சேர்த்து இருந்ததே ஒரு மர மீன்தான். முறை வைத்துக்கொண்டு வீசினார்கள்.

பெர்ரியின் முறை வந்தபோது தண்ணீர் ஒரு கொதி கொதித்து அடங்கியது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. மீன் அடியில் போய் எதிலோ சிக்க வைத்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நினைத்தாராம். பிறகு அது நகரத் தொடங்கியது. பிடித்து மேலே தூக்கியபோது, வீட்டுக்கு எவ்வளவு கறி ஆயிற்று என்பதுதான் முதலில் மனதில் தோன்றியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாதனை என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

வழியில் ஹெலினா என்ற சிற்றூரில் மீனைப் பார்த்தவர்கள் விடவில்லை. 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகை பெரிய மீனுக்குப் பரிசு கொடுப்பதைச் சொல்லி, தபால் ஆபீஸ் தராசில் நிறுக்க வைத்தார்கள். 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் 10 கிலோவுக்கு மேல். நீளம் முப்பத்திரண்டரை அங்குலம். எழுதி முடித்ததும் பெர்ரி மீனை வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பம் வயிறாரச் சாப்பிட்டது. பரிசாக 75 டாலர் பெறுமான சாமான்கள் வந்தன. அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்வதுபோல், 1934-லும் அதே போட்டியில் அவரே ஜெயித்தார்.

அந்த எடையை 77 வருஷம் யாரும் எட்டவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த பாஸ், பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி. அதனால் இருவர் பெயரும் சமமாகப் பதிவாகியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவிலிருந்து 1925-ல் ஜப்பானுக்குக் கொண்டுபோன இந்த மீன், அங்குள்ள சொந்த மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று சட்டம் போட்டுத் தடுக்கிறார்கள். பிவா ஏரியில் பாஸைப் பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 1970-களிலிருந்து பாஸ் போட்டிகளில், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவது வழக்கமாகிவிட்டது. பெரிய பெண் மீன்கள் பிழைத்திருந்தால்தானே முட்டைகள் பெருகும்? நல்ல வழக்கம்தான். முதன்முதல் இந்தக் கதையைப் படித்தபோது, 'அடடா, அந்த மீனைப் பாடம் பண்ணியாவது வைத்திருக்கக் கூடாதா?' என்று எனக்கும் தோன்றியது. ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்று வளர்ந்த தலைமுறை நாம். யோசித்துப் பார்த்தபோது அந்த வருத்தம் போய்விட்டது. மீனைத் திரும்ப விடுவதற்கு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பெர்ரி பிறகு விமானம் ஓட்டக் கற்று அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1974-ல் விமான விபத்தில் காலமானார். சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. என் மனதில் நிற்பது அந்த எடை அல்ல. மழையில் ஏர் நின்றுபோன அந்த நாளில், வீட்டில் இருந்தவர்கள் ஒருவரும் பசியோடு படுக்கவில்லை என்பதுதான்.