கிரீக் ஸ்ட்ரீட் 49: ஒரு நிலவறையும் இரண்டு கிற்றார்களும்

சோகோவில் கிரீக் ஸ்ட்ரீட் என்றொரு தெரு இருக்கிறது. 1965இல் அங்கே 49ஆம் இலக்கத்தில் ஒரு கிரேக்க உணவகம் நடந்தது. அதன் கீழே, படியிறங்கிப் போனால், ஒரு சின்ன நிலவறை. அதன் பெயர் 'லே கூசான்'. இது 1959இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் பெயர். உணவகம் நடத்திய குடும்பத்தின் மகன் அன்டி மத்தேயு அந்தக் கிளப்பைப் பார்த்துக்கொண்டார். மேலே பெற்றோரின் கடை, கீழே பிள்ளையின் கனவு. எங்களில் கனபேருக்கு இந்தக் கதை புதிதல்ல.

அங்கே மதுபானம் விற்க அனுமதி இல்லை. அதனால் வந்தவர்கள் பாட்டுக் கேட்கத்தான் வந்தார்கள். சனிக்கிழமைகளில் நிகழ்ச்சி விடியும்வரை போகும். போல் சைமன், சாண்டி டெனி, அல் ஸ்ருவர்ட், நிக் டிரேக் எல்லோரும் அங்கே பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இரண்டு பெயர்கள்: பேர்ட் யான்ஷ், ஜோன் ரென்போர்ன்.

யான்ஷ் 1943இல் கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோவில் வளர்ந்தவர். லண்டனுக்கு வந்த காலத்தில் அவரிடம் சொந்தமாக ஒரு கிற்றார்கூட இல்லை. முதல் இசைத்தட்டை இரவல் கிற்றாரில் வாசித்தார். பில் லீடர் என்பவர் அதைக் காம்டனில் இருந்த தன் வீட்டிலேயே ரேப் ரெக்கோடரில் பதிவுசெய்தார். ட்ரான்ஸ்அட்லாண்டிக் நிறுவனம் அதை 100 பவுணுக்கு வாங்கி 1965இல் வெளியிட்டது. அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து 'பேர்ட் அன்ட் ஜோன்' இசைத்தட்டைத் தந்தார்கள். பிறகு 1967இல் 'பென்டாங்கிள்' குழு உருவானது.

இவர்கள் இருவருக்கும் முன்னோடி டேவி கிரஹம். தாய் கயானாவைச் சேர்ந்தவர், தந்தை ஸ்கொட்லாந்துக்காரர். மொரோக்கோவுக்குப் போய் ஊத் வாசிப்பவர்களோடு பழகிய கிரஹம், கிற்றாரின் மூன்று தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கிக் கட்டினார். அப்போது திறந்த தந்திகள் தம்புரா மாதிரி சுருதி பிடித்து நிற்கும். அதன்மேல் ஐரிஷ் பாட்டையும் வாசிக்கலாம், ராகச் சாயலையும் கொண்டுவரலாம். 'ஆங்கில நாட்டுப்பாடல்' என்று நாங்கள் நினைக்கிற இசைக்குள் இத்தனை ஊர்கள் இருக்கின்றன.

யார் பெயர் எழுதப்படுகிறது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. 'பிளாக் வோட்டர் சைட்' என்ற மரபுப் பாடலை ஆன் பிரிக்ஸ் என்ற பாடகி யான்ஷுக்குச் சொல்லிக்கொடுத்தார். யான்ஷ் அதற்கு ஒரு கிற்றார் வாசிப்பை அமைத்து 1966இல் வெளியிட்டார். 1969இல் லெட் செப்பெலின் முதல் இசைத்தட்டில் அதை மிகவும் ஒத்த ஒரு வாசிப்பு வந்தது, தபேலாவோடு. இயற்றியவர் என்ற இடத்தில் ஜிம்மி பேஜ் பெயர் மட்டும் இருந்தது. சின்ன அறையில் பிறப்பது பெரிய மேடைக்குப் போகும். பிறந்த இடத்தின் பெயர் கூடவே போவதில்லை.

லே கூசான் 1972இல் மூடப்பட்டது. யான்ஷ் பிற்காலத்தில் பாடிய டென்மார்க் ஸ்ட்ரீட்டின் '12 பார் கிளப்' 2015இல் மூடப்பட்டது. 2007க்கும் 2015க்கும் இடையில் லண்டன் இப்படியான சிறிய இசைக்கூடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சுசீலா ராமன், கர்நாடகக் கீர்த்தனைகளைக் கிற்றாரோடு பாடி, 'சோல்ட் ரெயின்' இசைத்தட்டுக்காக 2001இல் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். எங்களில் பாடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அரங்கேற்றத்துக்குப் பெரிய மண்டபம் எடுக்கிறோம். அங்கே பிள்ளை பிழைவிடக் கூடாது, சொந்தமாக எழுதிய பாட்டுக்கு நிகழ்ச்சிநிரலில் இடமும் இல்லை. யான்ஷுக்கும் ரென்போர்னுக்கும் கிடைத்தது வேறு: வாரம்தோறும் திரும்பி வரலாம், அரைகுறைப் பாட்டைப் பாடிப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு விரலசைவைக் கற்றுக்கொள்ளலாம்.

அதற்கு நாற்பது கதிரையும் ஒரு தேநீர்க் கேத்திலும் போதும். உங்கள் ஊரில் சனிக்கிழமை இரவில் பூட்டிக் கிடக்கும் தமிழ்க் கடையோ பள்ளிக்கூட அறையோ இருந்தால், திறப்பு யாரிடம் என்று கேட்டுப் பாருங்கள்.