பாட்டும் பண்ணும் ஆக்கினோர் பெயர்

செய்யுள் யாப்பவனைப் புலவன் என்றும், யாழொடு கூட்டி இசைப்பவனைப் பாணன் என்றும் நம் முன்னோர் பகுத்து வழங்கினர். சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இசையாசிரியனையும் புலவனையும் வெவ்வேறாக வைத்தே இலக்கணங் கூறுகின்றது. இருதிறமும் ஒருவர்பாலே அமையின் அவரை வாக்கேயக்காரர் என்பது வடமொழி இசைநூல் வழக்கு. வாக்கு என்பது சொல், கேயம் என்பது இசை.

இப்பகுப்பின் பயன் யாதெனின், இருவர்க்கும் உரிய புகழ் அவரவரைச் சேர்தலேயாம். உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த பரிபாடலிற் பெரும்பாலான பாட்டுக்களின் இறுதியில், பாடினார் பெயரும் இசை வகுத்தார் பெயரும் பண்ணின் பெயரும் ஒருங்கே காணப்படும். கடுவன் இளவெயினனார் பாடியவற்றுக்குப் பெட்டனாகனாரும் கண்ணனாகனாரும் இசை வகுத்தனர். அவ்விசை மறைந்தது, அவர் பெயர் மறைந்திலது.

பிற்காலத்தே இவ்வழக்கம் நெகிழ்ந்தது. சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராமநாடகக் கீர்த்தனையை அறிந்தார் பலர். அதற்கு இசை வகுத்த மாணாக்கராகிய சட்டநாதபுரம் வேங்கடராமையர், கோதண்டராமையர் இருவரையும் அறிந்தார் சிலரே.

நம் புதுவையில் 1908 முதல் 1918 வரை உறைந்த பாரதியார், தம் பாட்டுக்கள் பலவற்றுக்கு இராகமுந் தாளமுந் தாமே குறித்தார். எனினும் அவற்றுட் பல இன்று பிறர் அமைத்த மெட்டிலே பாடப்படுகின்றன. அம்மெட்டமைத்தார் யாவரெனக் கேட்பார் அரியர்.

ஆதலின் உப்பளத்தும் பிறவிடத்தும் உள்ள நம்மவர், திருமணத்துக்கும் விழாவுக்கும் பாடல் அச்சிடுங்கால், பாடலாசிரியர் பெயரோடு இசையமைத்தார் பெயரையுஞ் சேர்த்துப் பொறிப்பாராக. பரிபாடல் தொகுத்தோர் ஓலையிற் செய்த அச்சிறு பணியை நாம் தாளிற் செய்தல் அரிதன்று.