கந்தல் போர்வை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

போன மாசம் எங்க ஒரகடம் கம்பெனி ஸ்டோர்ல பனியன் வேஸ்ட் மூட்டை ஒண்ணைப் பிரிச்சாங்க. மெஷின்ல வழியிற ஆயிலைத் துடைக்கக் கிலோ கணக்குல வாங்குற துண்டுத்துணிதான். சிவப்பு, மஞ்சள், கோடு போட்டதுன்னு தரையில கொட்டினதும் எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துடுச்சு.

ஆயா போர்வை தைப்பாங்க. எங்க ஊர்ல அதுக்குக் கந்தல் போர்வைன்னு பேரு. முறை ரொம்ப சுலபம். நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம். அதைச் சுத்தி நாலு பக்கமும் பட்டை. அதுக்கு வெளியே இன்னொரு சுத்து. பட்டை பத்தலைன்னா வேற கலர்ல ஒட்டு. ஒரு பட்டை கோணலா வந்தா பிரிக்க மாட்டாங்க, அடுத்த பட்டையில அதுக்கு ஈடு கட்டுவாங்க. அடியில பழைய சேலை ரெண்டு மடிப்பு. இப்படி ஒண்ணு தைக்க ஒரு மழைக்காலம் ஆகும்.

எனக்கு வேலை கிடைச்சு ரூம் எடுத்துத் தங்கினப்ப ஆயா ஒரு போர்வை கொடுத்து விட்டாங்க. கூட இருந்த பசங்க சிரிப்பாங்களேன்னு வெட்கம். பழைய துணிக்குப் பாத்திரம் விக்கிறவர்கிட்ட அதைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். ஆயாவுக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லல.

நிற்க. அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல அந்த வார்த்தை. நாம சொல்ற 'கந்தை'யும், வங்காளத்துல பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிற 'காந்தா'வும் ஒரே வேர். ரெண்டுமே 'கந்தா'ங்கிற சமஸ்கிருதச் சொல்லுல இருந்து வந்தது. ஒட்டுப்போட்ட துணின்னு அர்த்தம். வங்காளத்துல அது கலையாகி கடையில விலை போகுது. நம்மூர்ல 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு'ங்கிற பழமொழியோட நின்னு போச்சு.

ஒட்டுத்துணிக்கு ஒரு கட்டம் வகுத்த கதை இன்னும் பழசு. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் பார்த்த புத்தர், அதே மாதிரி துறவிகளுக்கு ஒரு உடை அமைக்க முடியுமான்னு ஆனந்தர்கிட்ட கேட்டதா விநய பிடகம் சொல்லுது. துண்டுகள் வயல், தையல் வரப்பு. சீவரம் இன்னிக்கும் அப்படித்தான் தைக்கப்படுது. 7ஆம் நூற்றாண்டுல யுவான் சுவாங் விவரிச்ச காஞ்சிபுரத்துல பிக்குகள் நிறைய இருந்தாங்க. நம்ம ஏரியாவுல இருந்து கூப்பிடு தூரம். இந்தப் பக்கமும் ஏரிப் பாசன வயல் கட்டம் கட்டமா கிடந்த பூமிதான். 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹுண்டாய் கார் வெளிவர ஆரம்பிச்சுது, 2010ல ஒரகடத்துல ரெனோ நிஸான் ஆலை திறந்தாங்க. இப்ப வயலைத் தேடிப் பார்க்கணும்.

பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டக் காட்டுப் பக்கம் சித்திகள்னு ஒரு சமூகம் இருக்கு. போர்ச்சுகீசியர் காலத்துல கோவாவுக்கு அடிமைகளாக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட வழித்தோன்றல்கள். 2003ல பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தப் பெண்கள் தைக்கிற போர்வைக்குக் கவந்தின்னு பேரு. ஆயா நடுவுல இருந்து வெளியே போவாங்க, இவங்க நேர் எதிர். ஓரத்துல ஆரம்பிச்சு, துண்டுகளை வெச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. வரைபடமெல்லாம் கிடையாது. நாலு மூலையிலும் முக்கோணமா மடிச்ச துணிப் பூ வைக்கணும். அது இல்லேன்னா போர்வை முடிஞ்ச கணக்கே இல்ல.

ஆயாவோட முறை அச்சு அசலா எங்க இருந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல! அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஆத்தங்கரை ஊர். பருத்தித் தோட்ட அடிமைகளோட பரம்பரை. அங்க இந்தக் கட்டத்துக்கு 'ஹவுஸ்டாப்', அதாவது கூரைன்னு பேரு. நடுவுல ஒரு துண்டு, சுத்திச் சுத்திப் பட்டை. கட்டம் ஒண்ணுதான், ஆனா ஒரு போர்வை மாதிரி இன்னொண்ணு இருக்காது. கையில இருக்கிற துணியும் தைக்கிறவங்க மனசும்தான் முடிவு பண்ணும்.

அந்த ஊர்ல மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா. புருஷன் இறந்ததும் 1942ல அவரோட வேலை உடுப்புகளைப் பிரிச்சு ஒரு போர்வை தைச்சாங்க. அவரை நினைச்சுக்கிட்டு அதுக்குள்ள படுத்துக்கணும்னு ஆசை. 2002ல ஜீஸ் பெண்ட் போர்வைகளை ஹூஸ்டன்லயும் நியூயார்க்லயும் மியூசியத்துல மாட்டினாங்க. 2006ல அமெரிக்கத் தபால் துறை பத்து போர்வைகளை ஸ்டாம்ப்பாவே போட்டுச்சு.

எனக்கு உறைச்சது இதுதான். மிசௌரி அம்மாவோட கதை நமக்குத் தெரியுதுன்னா, அவங்க மக அர்லோன்சியா அதை மறக்காம வெச்சிருந்து, கேட்டவங்ககிட்ட சொன்னதாலதான். எங்க ஆயாகிட்ட யாரும் கேட்கல. நானும் கேட்கல. நடுச்சதுரத்துல இருந்த காக்கித்துணி யாரோட நிக்கர்னு எனக்குத் தெரியாது. இனி சொல்ல ஆயாவும் இல்ல.

என்கிட்ட பழைய யூனிபார்ம் சட்டை மூணு இருக்கு, மூணு கம்பெனி, மூணு கலர். வெட்டி ஒரு கட்டம் தைச்சுப் பார்த்தேன். கோணல்தான், ஹி ஹி. பிரிக்கல.

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது கிடந்தா பாத்திரக்காரர் வர்றதுக்குள்ள எடுத்து வெச்சுடுங்க. தைச்சவங்க இருந்தா, எந்தத் துண்டு யாரோடதுன்னு உட்கார்ந்து கேளுங்க. கேட்டதை அவங்க பேரோட ஒரு பதிவாப் போடுங்க மக்களே.