ரவை பிரியும் தூரம்

கல்வராயன் மலையின் நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ துணிக்கிழிசலோ காகிதமோ திணித்து, கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ஈய ரவையோ பால்ரஸ் குண்டோ போட்டு, அவை உருண்டு விழாமலிருக்க இன்னொரு தக்கை வைத்து அடைக்க வேண்டும். மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றி கிளறிப் போடும் ஊர்களில் இது வயல் காவலுக்கும் வேட்டைக்கும் உதவிய கருவி. பன்றி என்று நினைத்து இருட்டில் சுட்டதாலும், தகராறில் நீட்டப்பட்டதாலும் மனித உயிரைக் குடித்ததும் இதே வகைத் துப்பாக்கிதான். சுட்டது எவ்வளவு தூரத்திலிருந்து, வேண்டுமென்றா, கைதவறியா என்று கேள்வி எழும்போது, பதிலைப் பெரும்பாலும் காயத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

1857 எழுச்சிக்குப் பின் பிரிட்டிஷ் அரசு 1878-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, உரிமம் இல்லாமல் துப்பாக்கி எடுத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. 1959-இல் சுதந்திர இந்தியா தன் சட்டத்தை இயற்றியது. இந்த மலையோ 1976 வரை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. தாசில்தாரும் பட்டாவும் முழுமையாக எட்டாத இடத்தில் துப்பாக்கி உரிமத்துக்கு எங்கே போவது? இன்றும் தாமாக ஒப்படைப்பவர்கள் மீது வழக்கு இல்லை என்று போலீஸார் அறிவிப்பதும், ஊர்ப் பொது இடத்தில் யாரோ துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுப் போவதும் நடக்கின்றன. பயிரைக் காக்க வேறு வழி காட்டாமல் துப்பாக்கியை மட்டும் பறிப்பது பாதி வேலைதான்.

துப்பாக்கி வழக்கு என்றால் தமிழ்நாட்டுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் நடந்ததுதான். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது, எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார். இருவரும் பிழைத்தார்கள். அங்கே இருந்தது ரிவால்வர். அதன் குழாய்க்குள் திருகு வரிகள் உண்டு. அவை குண்டின் மேல் கீறல்களைப் பதிக்கும். 1920-களில் அமெரிக்காவின் கால்வின் காடார்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரண்டு குண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் முறையை நிலைநாட்டிய பிறகு, அந்தக் கீறல்கள் நீதிமன்றச் சாட்சிகளாயின.

நாட்டுத் துப்பாக்கியின் குழாய் வழவழப்பானது. சடலத்திலிருந்து எடுத்த ரவையைக் கையில் வைத்துக்கொண்டு, இது இந்தக் குழாயிலிருந்து வந்ததுதான் என்று எந்த நிபுணராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரின் கண் அவ்வளவு முக்கியமாகிறது.

குழாய் மிக அருகில் இருந்தால் ரவைகள் பிரிய நேரமில்லாமல் ஒரே கூட்டமாக நுழைந்து, ஓரம் கிழிந்த ஒற்றைத் துளை போடும். தோல் கருகும்; கரி படியும். எரியாத மருந்துத் துகள்கள் பச்சை குத்தியதுபோல் தோலுக்குள் பதியும். கரியை ஈரத் துணியால் துடைத்துவிடலாம், இந்தப் புள்ளிகளைத் துடைக்க முடியாது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்து முழுதாக எரிவதில்லை என்பதால் இந்தத் தடயங்கள் இங்கே தாராளமாகவே கிடைக்கும். தூரம் கூடக் கூட நடுத்துளையைச் சுற்றிச் சிறு துளைகள் தோன்றும். பிறகு நடுத்துளையே இல்லாமல் ரவைகள் சிதறி விழும். "முப்பது அடி தள்ளிப் புதர் அசைந்தது, பன்றி என்று நினைத்தேன்" என்று ஒருவர் சொல்லி, இறந்தவரின் மார்பில் மருந்துப் புள்ளிகள் இருந்தால், அந்தக் கதை அங்கேயே உடைந்துவிடும். புள்ளிகள் இல்லாமல் ரவை பரவி இருந்தால், சொன்னவருக்கு அதுவே துணை.

ஆலைத் தோட்டாவுக்கு ரவை பரவும் அளவைக் கணக்கிடப் பாடநூல் வாய்பாடு உண்டு. கைக்கணக்கில் மருந்து போடும் துப்பாக்கிக்கு அது பொருந்தாது. அதே துப்பாக்கியில், கூடுமானவரை அதே மருந்தும் ரவையும் போட்டு, வெவ்வேறு தூரங்களில் சுட்டுப் பார்த்துத்தான் காயத்தோடு ஒப்பிட வேண்டும். மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரவை மேலிருந்து கீழாகப் போயிருந்தால், இறந்தவர் மண்டியிட்டிருந்தார் என்று சமவெளிக்காரர் முடிவுகட்டிவிடுவார். சுட்டவர் சரிவின் மேலே நின்றிருந்தாலும் பாதை அப்படித்தான் அமையும். நிகழ்விடத்தைப் பார்க்காமல் காயத்தை மட்டும் படிப்பது ஆபத்து.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசக்கூடியது தக்கை. 1784-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் எட்வர்ட் கல்ஷா என்பவர் கைத்துப்பாக்கியால் கொல்லப்பட்டார். தலைக் காயத்திலிருந்து எடுத்த காகிதத் தக்கை, ஜான் டாம்ஸ் என்பவரின் சட்டைப்பையில் இருந்த கிழிந்த பாட்டுத்தாளோடு சரியாகப் பொருந்தியது. டாம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நுண்ணோக்கி எதுவும் தேவைப்படவில்லை.

இந்தியாவில், குடியரசான 1950-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: சொல்லப்படும் ஆயுதத்தால், சொல்லப்படும் விதத்தில் அந்தக் காயம் ஏற்பட்டிருக்க முடியும் என்று நிபுணர் சாட்சியத்தால் காட்டுவது அரசுத் தரப்பின் கடமை. சட்ட மருத்துவத் துறையில் சென்னைக்கு வயது அதிகம். 1693-இலேயே எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர் இங்கே நஞ்சுச் சந்தேகத்தில் ஒரு சடலத்தை அறுத்து ஆராய்ந்திருக்கிறார். வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849-இல் வந்தது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் வந்தது 2019 நவம்பரில்தான். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கி வரும் சடலத்துக்கு இது பெரிய மாற்றம். ஆனாலும் வழியிலேயே தொலைவது நிறைய. ரத்தம் தோய்ந்த சட்டையை யாரோ கழற்றிப் போட்டுவிட்டால், துணியில் படிந்த கரியும் அதோடு போயிற்று. உடலை அறுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தால் ஈய ரவைகள் எத்தனை, எங்கெங்கே என்று வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். நாரும் துணியும் காகிதமும் அதில் தெரியாது. அவற்றை மருத்துவர் காயத்துக்குள் விரலால் தேடித்தான் எடுக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காதபடி நிழலில் உலர்த்தி, பாலிதீன் பையைத் தவிர்த்துக் காகித உறையில் போட்டு, எந்தத் துளையிலிருந்து எடுத்தது என்று உறைமேல் எழுத வேண்டும்.