எட்டால் வகுத்தால் போதுமா?

முழம், சாண், அடி என்று நீளத்தை அளக்கப் பல அலகுகள் இருந்தன. அவை ஊருக்கு ஊர் வேறுபட்டதால் வாணிகத்தில் குழப்பம் நேர்ந்தது. தகவலை அளக்கும் அலகுகளோ மிக அண்மையில் பிறந்தவை. ஆயினும் அதே குழப்பம் அவற்றையும் விடவில்லை. தகவலைக் கம்பி வழியே அனுப்பியவர்கள் ஒரு சாரார். அதை நாடாவிலும் தட்டிலும் சேமித்து வைத்தவர்கள் மற்றொரு சாரார். இருவரும் தத்தம் தேவைக்கேற்ப அலகுகளை வகுத்துக்கொண்டதே இதற்குக் காரணம்.

முதலில் கம்பிக்காரர்களைப் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ தமது தந்தி முறைக்கு 1874ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அம்முறையில் நிலைபெற்ற குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் சம நீளமுள்ள ஐந்து குறிகள் உண்டு. கம்பியில் வினாடிக்கு எத்தனை குறிகள் செல்கின்றன என்பதே தந்தியின் வேகம். இந்த வேகத்தின் அலகுக்குப் பின்னாளில் அவர் பெயரையொட்டி 'பாட்' என்று பெயரிட்டனர்.

1948ஆம் ஆண்டு கிளாட் ஷானன் தகவலையே அளக்க வழி கண்டார். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவிக்கும் அளவு ஒரு 'பிட்'. இச்சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி. பாட் என்பது குறிகளின் எண்ணிக்கை. பிட் என்பது குறிகள் சுமக்கும் தகவலின் அளவு. இரண்டும் ஒன்றல்ல. 1984ஆம் ஆண்டின் வி.22பிஸ் தரத்தில் அமைந்த மோடம் வினாடிக்கு 600 குறிகளையே அனுப்பியது. ஆனால் ஒவ்வொரு குறியும் 4 பிட்டுகளைச் சுமந்தது. ஆகவே அதன் வேகம் 600 பாட். அதுவே 2,400 பிட்.

தொலைபேசித் துறையும் பிட்டையே கைக்கொண்டது. குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் குறித்தால் 64,000 பிட்டுகள் ஆகின்றன. இத்தகைய 32 தடங்களை ஒன்று சேர்த்தால் வினாடிக்கு 20,48,000 பிட்டுகள். ஐரோப்பாவில் தோன்றி இந்தியாவும் ஏற்றுக்கொண்ட 2.048 மெகாபிட் இணைப்பு இதுவே. இங்கே 'மெகா' என்பது சரியாகப் பத்து லட்சம்.

இனி, சேமிப்புக்காரர்களின் பக்கம் வருவோம். 1952ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 726 என்ற காந்த நாடாப் பொறியை வெளியிட்டது. நாடாவின் ஓர் அங்குலத்தில் 100 எழுத்துகள். நாடா ஓடும் வேகம் வினாடிக்கு 75 அங்குலம். எனவே வினாடிக்கு 7,500 எழுத்துகள். ஓர் எழுத்தின் பிட்டுகள் அனைத்தும் நாடாவின் குறுக்கே பக்கம் பக்கமாகப் பதிந்திருந்ததால் அவை ஒரே நேரத்தில் படிக்கப்பட்டன. பிட்டுகளைத் தனித்தனியே எண்ண வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வாறு ஒரு தொகுதியாக இயங்கும் பிட்டுகளுக்கு, அதே நிறுவனத்தைச் சேர்ந்த வெர்னர் புக்ஹோல்ட்ஸ் 1956ஆம் ஆண்டு 'பைட்' என்று பெயர் சூட்டினார். அப்போது ஒரு பைட்டுக்கு இத்தனை பிட் என்ற வரையறை இல்லை. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணிப்பொறிக்குப் பின்னரே 8 பிட் கொண்ட பைட் பரவலாக நிலைபெற்றது. கணிப்பொறியின் நினைவகம் இரண்டின் அடுக்குகளாக வளர்வது. எனவே 1,024 பைட்டை 'கிலோபைட்' என்று அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று.

இரு வழக்குகளும் சந்திக்கும் இடத்தில் என்ன நேர்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1987இல் புழக்கத்துக்கு வந்த '1.44 மெகாபைட்' நெகிழ்தட்டு ஒன்றில் உள்ளதை, 2,400 பிட் வேக மோடம் வழியே அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

2,400ஐ எட்டால் வகுத்தால் 300 பைட். 14,40,000ஐ 300ஆல் வகுத்தால் 4,800 வினாடி. அதாவது 80 நிமிடம். கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறதல்லவா? இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதற்பிழை தட்டில். அதற்குப் பக்கங்கள் 2. பக்கத்துக்கு 80 தடங்கள். தடத்துக்கு 18 பகுதிகள். பகுதிக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இங்கே 'மெகா' என்பது பத்து லட்சமும் அன்று, 1,024இன் இருமடியும் அன்று. 1,000ஐ 1,024ஆல் பெருக்கிய கலப்பு எண்!

இரண்டாம் பிழை கம்பியில். தொலை அச்சுப்பொறிக் காலத்திலிருந்து வந்த வழக்கப்படி, ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறியும் பின்னே ஒரு முடிவுக் குறியும் சேர்ப்பார்கள். எனவே 8 பிட் கொண்ட பைட், கம்பியில் 10 பிட் ஆகிறது. அப்படியானால் வினாடிக்கு 240 பைட்டுகளே செல்லும். 14,74,560ஐ 240ஆல் வகுத்தால் 6,144 வினாடி; ஏறத்தாழ 102 நிமிடம். வெளியூர்த் தொலைபேசி அழைப்புக்கு நேரக் கணக்கில் பணம் கட்டியவருக்கு இந்த 22 நிமிட வேறுபாடு சிறியதன்று.

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் புதிய முன்னொட்டுகளை வகுத்தது. அதன்படி 1,000 பைட் ஒரு கிலோபைட். 1,024 பைட் ஒரு கிபிபைட். ஆயினும் பழைய வழக்கு முற்றிலும் மறையவில்லை. ஒரு டெராபைட் என்று விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் கணிப்பொறி 931 ஜிகாபைட் என்று காட்டுகிறது. வாங்கியவர் ஏமாந்துவிடவில்லை, பைட்டுகள் குறையவும் இல்லை. விற்றவர் 1,000ஆலும் கணிப்பொறி 1,024ஆலும் எண்ணுகின்றன, அவ்வளவே. அதுபோலவே, 100 மெகாபிட் என்று விளம்பரம் செய்யப்படும் இணைய இணைப்பு வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தர இயலாது. அதிலும் முகவரி முதலிய உறைகளுக்கு ஒரு பங்கு போய்விடும்.

ஆகவே தகவல் வேகத்தை ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றுமுன் மாணவர்கள் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது பிட்டா, பைட்டா? கிலோ என்பது இங்கே ஆயிரமா, 1,024ஆ? தகவலோடு சேர்ந்து செல்லும் உறை எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு வகுத்தால் கணக்கு பிழைபடாது.